ஊர் நினைவுச் சிலுவையில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்துக் கிராமங்களில் குடியிருக்கும் நம்மவர்கள் இந்தக் காட்சியைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. சர்ச் வாசலிலோ ஊர்ப் புல்வெளியின் ஓரத்திலோ ஒரு கற்சிலுவை நிற்கும், அதன் அடியில் போரில் இறந்த ஊர்க்காரர்கள் பத்து இருபது பேரின் பெயர் செதுக்கியிருக்கும், நவம்பர் வந்தால் சிவப்புப் பாப்பி வளையம் வைப்பார்கள். நான் இருப்பது சோமர்செட்டில் ஒரு சின்ன ஊர். எங்கள் சிலுவையில் முதல் உலகப் போருக்கு 19 பெயர், இரண்டாவதற்கு 6. இந்த 25 பேரும் யார் வீட்டுப் பிள்ளைகள், எங்கே எப்படி இறந்தார்கள் என்று தேட எனக்கு மூன்று குளிர்காலம் ஆனது. அப்புறம் பக்கத்து ஊர்களில் இதே வேலையைத் தொடங்கிய சிலருக்குக் கூடமாட உதவியிருக்கிறேன்.

எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். கல்லில் பெயரைப் பார்த்ததும் நேராக இணையத்தில் ராணுவப் பதிவைத் தேடுகிறார்கள், அதே பெயரில் முதலில் வரும் ஆளைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த ஆள் தவறானவர் என்றால், நவம்பரில் ஊரே எழுந்து நிற்க, வேறு எங்கோ பிறந்த ஒருவருடைய கதையைப் படித்துவிட்டு, இந்தத் தெருவில் ஓடி விளையாடிய பையனை இரண்டாவது முறையாகத் தொலைத்துவிடுகிறோம். அதனால் வரிசை முக்கியம்: முதலில் கல், பிறகு ஊர், பிறகு வீடு, அதற்கப்புறம்தான் ராணுவம்.

1. தொடங்கும் முன் தேவையானவை

நோட்டு, பென்சில், போன் கேமரா, ஒரு டார்ச். கூடவே உள்ளூர் நூலகத்தின் உறுப்பினர் அட்டை. அன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் போன்ற குடும்ப வரலாற்றுத் தளங்களுக்கு வீட்டிலிருந்து பார்க்கச் சந்தா கட்ட வேண்டும். பல நூலகங்களில் உள்ளே உட்கார்ந்து பார்த்தால் இலவசம். முதல் நாளே சந்தா கட்டிவிட்டு, என்ன தேடுவது என்று தெரியாமல் ஒரு மாதத்தை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிலுவை யாருடையது என்றும் கேட்டுவிடுங்கள். பாரிஷ் என்ற சொல் இங்கே இரண்டு பொருளில் வரும்: ஒன்று நம்மூர்ப் பஞ்சாயத்து மாதிரி, இன்னொன்று சர்ச்சின் சேகரம் மாதிரி. பாரிஷ் கவுன்சில் வேறு, சர்ச் கவுன்சில் வேறு, இரண்டின் எல்லையும் பல ஊர்களில் ஒன்றாக இருக்காது. சிலுவை எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தான் பழைய தாள்கள் யாரிடம் இருக்கும், பிற்பாடு அனுமதி யாரிடம் வாங்க வேண்டும் என்பது புரியும்.

எக்செல்லில் ஆளுக்கு ஒரு வரி போடுங்கள். கல்லில் உள்ளபடி பெயர், நான் நினைக்கும் ஆள், முதல் ஆதாரம், இரண்டாம் ஆதாரம், சந்தேகம் என்று ஐந்து கட்டம் போதும். ஊரோடு அந்த ஆளைக் கட்டிப்போடும் ஆதாரம் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், அவை தனித்தனியாகக் கிடைத்தவையாகவும் இருக்க வேண்டும். இரண்டு தளங்கள் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதியிருந்தால் அது ஒரு ஆதாரம்தான். சந்தேகக் கட்டத்தைக் காலியாக விடக் கூச்சப்படாதது போல, நிரப்பவும் கூச்சப்படாதீர்கள்.

2. கல்லை நிதானமாகப் படியுங்கள்

நடுப்பகல் வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து தெரியாது. சாயங்காலம் வெயில் சாய்ந்த பிறகு போங்கள், அல்லது இருட்டத் தொடங்கும்போது டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தைச் சாய்வாக அடியுங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து, பகலில் இல்லாத எழுத்தெல்லாம் எழுந்து வரும். எங்கள் கல்லில் ஒரு பெயரின் முதலெழுத்தை ஊரே ‘ஜே’ என்று படித்துக்கொண்டிருந்தது. டார்ச்சைச் சாய்த்ததும் மேலே ஒரு குறுக்குக்கோடு தெரிந்தது, விரலால் தடவினாலும் பட்டது. அது ‘டி’. அவ்வளவு காலமும் தாமஸை ஜான் என்று கூப்பிட்டிருக்கிறோம்.

பாசியைச் சுரண்டாதீர்கள். கம்பி பிரஷ், பிளீச், ஷேவிங் நுரை, சாக்பீஸ் தூள் எதுவும் வேண்டாம். சுரண்டும்போது பாசியோடு கல்லின் தோலும் எழுத்தின் ஓரமும் சேர்ந்து வந்துவிடும், அதைத் திரும்ப ஒட்ட முடியாது. சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்றால் வார் மெமோரியல்ஸ் டிரஸ்ட் என்ற அமைப்பிடம் ஆலோசனை கேட்டுவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

நாலு பக்கமும் படமெடுங்கள். பெயர்கள் அகர வரிசையில் போய்க்கொண்டிருக்க, கடைசியில் ஒரு பெயர் மட்டும் வரிசை மாறி நின்றால் அது பிறகு சேர்த்த பெயர். ஏன் பிறகு சேர்த்தார்கள் என்பதே ஒரு துப்பு: கல் வைத்த பிறகு காயத்தாலோ நோயாலோ இறந்திருக்கலாம், அல்லது குடும்பம் பின்னால் வந்து கேட்டிருக்கலாம். 1914–1918 என்று போட்டிருக்கிறதா, 1914–1919 என்றா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் வழக்கம்தான்.

சர்ச்சுக்கு உள்ளேயும் போக வேண்டும். பித்தளைத் தகடு, போருக்குப் போன எல்லோருடைய பெயரும் எழுதிய சட்டம் போட்ட பட்டியல், பழைய பள்ளிக்கூடச் சுவர், ஊரில் மெதடிஸ்ட் சேப்பல் இருந்தால் அதுவும். ஒரு இடத்தில் முதலெழுத்து மட்டும் இருக்கும், இன்னொரு இடத்தில் முழுப்பெயர் கிடைக்கும். கல்லறைத் தோட்டத்தையும் வரிசை வரிசையாக நடந்து பாருங்கள். அப்பா அம்மாவின் கல்லில் கடைசி இரண்டு வரியாக, பிரான்சில் இறந்த மகன் என்று ஒரு பெயர் தேதியோடு இருக்கும். எனக்கு மூன்று பேரை அப்படித்தான் உறுதி செய்ய முடிந்தது, இணையத்தைத் தொடுவதற்கு முன்பே.

3. பட்டியலை யார் போட்டார்கள் என்று பாருங்கள்

கல்லில் யார் பெயர் வர வேண்டும் என்று அரசாங்க விதி எதுவும் கிடையாது. போர் முடிந்ததும் ஊரில் ஒரு கமிட்டி போட்டு, வீடு வீடாகக் கேட்டு, அவர்களே முடிவு செய்தார்கள். அதனால் ஊரில் பிறந்து வேறு ஊருக்கு வேலைக்குப் போனவர் இங்கே இருப்பார், இங்கே குடியிருந்த ஒருவர் அடுத்த ஊர்க் கல்லில் இருப்பார், சிலர் மூன்று கல்லில் இருப்பார்கள், சிலர் எதிலுமே இல்லை. பெயர் வேண்டாம் என்று சொன்ன தாய்மார்களும் இருந்தார்கள், மகன் திரும்பி வருவான் என்று நம்பிக்கொண்டிருந்ததால்.

முதலில் தேட வேண்டியது சிலுவையைத் திறந்து வைத்த நாளின் பத்திரிகைச் செய்தி. பெரும்பாலும் 1919 முதல் 1922க்குள் இருக்கும். உள்ளூர் வாரப் பத்திரிகைகள் முழுப்பெயரும் சில சமயம் ரெஜிமென்டும் (படைப்பிரிவும்) சேர்த்துப் போட்டிருப்பார்கள். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் தளத்தில் ஊர்ப் பெயரோடு தேடுங்கள்.

அடுத்தது மாவட்ட ஆவணக் காப்பகம். எங்களுக்கு அது டான்டன் அருகே உள்ள சோமர்செட் ஹெரிட்டேஜ் சென்டர். முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பாரிஷ் கவுன்சில் குறிப்பேடு, சர்ச் மாத இதழ், பள்ளிக்கூடத்தின் லாக் புக் மூன்றையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். லாக் புக்கை விட்டுவிடாதீர்கள். தலைமையாசிரியர் தினமும் ஓரிரு வரி எழுதுவார்: இன்று மழை, வருகை குறைவு, அறுவடைக்குப் பிள்ளைகள் போய்விட்டார்கள் என்று. அதற்கு நடுவில் முன்னாள் மாணவன் ஒருவன் போரில் இறந்த செய்தி வந்தது என்று ஒரு வரி. அடுத்த வரியில் மறுபடி மழை. அந்தப் பக்கத்தைப் புரட்ட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

4. வீட்டைக் கண்டுபிடியுங்கள்

இப்போது 1911 சென்சஸ். அது 1911 ஏப்ரல் 2 இரவு எடுத்தது, போருக்கு மூன்று வருடம் முன்பு. கல்லில் இருக்கும் குடும்பப் பெயரை வைத்து உங்கள் ஊரையும் சுற்றியுள்ள ஊர்களையும் தேடி, போருக்குப் போகும் வயது வரக்கூடிய எல்லாப் பையன்களையும் எழுதுங்கள். ஒருவர் கிடைத்ததும் நிறுத்தாதீர்கள். கிராமத்தில் ஒரே குடும்பப் பெயரில் நாலு வீடு இருக்கும், தாத்தா பெயரையே பேரனுக்கும் வைத்திருப்பார்கள்.

எழுத்துருவில் வரும் விவரத்தை மட்டும் பார்க்காமல் மூலத் தாளின் படத்தைத் திறங்கள். 1911 தாளைக் குடும்பத் தலைவரே தன் கையால் நிரப்பினார், அந்தத் தாளே காப்பகத்தில் இருக்கிறது. கல்யாணமாகி எத்தனை வருடம், பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பது எத்தனை, இறந்தது எத்தனை என்று கட்டம் இருக்கும். எங்கள் பட்டியலில் ஒரு பையனுடைய அப்பா பண்ணைக் கூலி. பேனா பழகாத கை, மை அங்கங்கே திட்டாக நிற்கிறது. பிறந்தது 9, இருப்பது 6, இறந்தது 3 என்று எழுதி, கீழே ஒவ்வொரு எழுத்தாக அழுத்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த ஆறில் ஒருவன்தான் கல்லில் இருக்கிறான்.

1921 சென்சஸும் இப்போது பார்க்கக் கிடைக்கிறது. அதில் மிச்சமிருக்கும் குடும்பம் எங்கே இருந்தது, விதவை மறுமணம் செய்தாரா என்பது தெரியும். இரண்டாம் போர்ப் பெயர்களுக்கு 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த பதிவேடு உதவும். 1931 சென்சஸ் 1942இல் தீயில் போய்விட்டது, அதைத் தேடி அலைய வேண்டாம்.

5. இப்போதுதான் போர்க் கல்லறை ஆணையம்

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடல் இலவசம். இரண்டு போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேர் அதில் இருக்கிறார்கள். ரேங்க், சர்வீஸ் நம்பர், ரெஜிமென்ட், தேதி, கல்லறையோ நினைவுச் சுவரோ எது என்பது, பல பேருக்கு வயதும் பெற்றோர் பெயரும் கிடைக்கும். சென்சஸில் பெற்றோர் பெயரை ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பதால், இங்கே ஒரே பெயரில் ஐம்பது பேர் வந்தாலும் பயமில்லை. ஜே. ஸ்மித் என்று மட்டும் தெரிந்து இங்கே வந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

இந்தப் பதிவைப் படிப்பதில் புதியவர்கள் நாலு இடத்தில் தவறுகிறார்கள்.

பெற்றோர் முகவரி வேறு ஊராக இருக்கிறதே என்று சரியான ஆளை ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த முகவரி குடும்பத்திடம் போருக்குப் பிறகு கேட்டு வாங்கியது, பையன் வளர்ந்த வீடாக இருக்க வேண்டியதில்லை. பண்ணை வேலைக்காரக் குடும்பங்கள் அடிக்கடி இடம் மாறின.

தியெப்வால், மெனின் கேட் என்று பார்த்ததும் அங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்று எழுதுகிறார்கள். அவை கல்லறைகள் அல்ல, உடல் கிடைக்காதவர்கள் அல்லது அடையாளம் தெரியாதவர்கள் பெயரைச் செதுக்கிய சுவர்கள். தியெப்வாலில் மட்டும் 72,000க்கு மேல், மெனின் கேட்டில் 54,000க்கு மேல். ‘அவருக்குத் தெரிந்த கல்லறை இல்லை, பெயர் இன்ன இடத்தில் இருக்கிறது’ என்றுதான் எழுத வேண்டும்.

கல்லறை இருக்கும் இடத்தையே இறந்த இடம் என்று நினைக்கிறார்கள். எதாப்ல், ரூவான் போன்றவை பெரிய ஆஸ்பத்திரிகள் இருந்த ஊர்கள், காயம்பட்டு ரயிலில் வந்து அங்கே இறந்தவர்கள் நிறைய. சண்டைக்களத்தில் புதைத்தவர்களையும் போருக்குப் பிறகு தோண்டியெடுத்துப் பெரிய கல்லறைகளுக்கு மாற்றினார்கள்.

வயதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். சேர்வதற்கு 18, வெளிநாட்டுக்கு அனுப்ப 19 என்று விதி இருந்ததால் பொய் சொல்லிச் சேர்ந்த பையன்கள் உண்டு. பிறப்புப் பதிவோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் இரண்டையும் எழுதுங்கள்.

அந்தப் பக்கத்திலேயே கீழே இருக்கும் பழைய படிவங்களின் படங்களையும் திறந்து பாருங்கள். கல்லறைக் கல்லின் அடியில் என்ன வரி செதுக்க வேண்டும் என்று குடும்பம் சொன்னது அதில் இருக்கும். இடைவெளியும் சேர்த்து 66 எழுத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது விதி. ஊரில் யாருக்கும் தெரியாமல் போன ஒரு தாயின் குரல் இன்றைக்கும் கிடைப்பது அந்த ஒரு வரியில்தான், அதனால் இந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

6. ராணுவத் தாள்கள்

போர்த்துறை 1921இல் வெளியிட்ட இறந்தோர் பட்டியலை அடுத்ததாகப் பாருங்கள், சந்தாத் தளங்களில் இருக்கிறது. பிறந்த ஊர், ராணுவத்தில் சேர்ந்த ஊர், சண்டையில் இறந்தாரா காயத்தால் இறந்தாரா என்பது வரும். பிறந்த ஊர் உங்கள் ஊராக இருந்தால் இரண்டாம் ஆதாரம் கையில்.

சர்வீஸ் நம்பர் மட்டும் ஒருவரை அடையாளம் காட்டாது. ஒரே நம்பர் பல ரெஜிமென்ட்டுகளில் இருக்கும், ரெஜிமென்ட் மாறினால் நம்பர் மாறும், டெரிட்டோரியல் (பகுதிநேரத் தொண்டர்) படையினருக்கு 1917இல் ஆறு இலக்கத்தில் புது நம்பர் கொடுத்தார்கள். எப்போதும் நம்பரையும் ரெஜிமென்டையும் சேர்த்தே எழுதுங்கள். உள்ளூர்ப் பையன் என்றால் உள்ளூர் ரெஜிமென்டில்தான் இருப்பான் என்றும் எண்ணாதீர்கள். 1916இல் கட்டாய ஆள்சேர்ப்பு வந்த பிறகு எங்கே ஆள் குறைந்ததோ அங்கே அனுப்பினார்கள்.

தனி ஆளின் முழுக் கோப்பு கிடைக்கும் என்று ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம். 1940 செப்டம்பரில் லண்டனில் அவை இருந்த கட்டடத்தில் குண்டு விழுந்து பெரும்பகுதி எரிந்துவிட்டது. தப்பியவற்றில் பலவும் ஓரம் கருகி, நீர் ஊறிப்போனவை. கோப்பு இல்லை என்றால் தேடல் முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள், அது தேவையில்லை. பதக்கக் கணக்கு எழுதிய மெடல் கார்டைப் பாருங்கள்: 1915 முடிவதற்குள் போர்முனைக்குப் போயிருந்தால் போன தேதியும் களமும் இருக்கும், தேதி இல்லாவிட்டால் பெரும்பாலும் 1916க்குப் பிறகு போனவர். இறந்த வீரர்களுக்குச் சேர வேண்டிய பணத்தை யாருக்குக் கொடுத்தார்கள் என்ற பதிவேடு இருக்கிறது, அம்மா பெயரோ மனைவி பெயரோ வரும்போது சென்சஸோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம். பென்ஷன் கார்டுகளும் பிழைத்திருக்கின்றன. அவற்றில் விதவையின் பெயர், பிள்ளைகளின் பிறந்த தேதி இருக்கும், சில சமயம் கல்யாண வாழ்க்கையின் நீளத்தையே கணக்கிட முடியும். எங்கள் கார்டுகளில் ஒன்றில் குழந்தையின் பிறந்த தேதி, அப்பா இறந்து இரண்டு மாதம் கழித்து.

7. கடைசி நாளை எழுதுவது

ஒவ்வொரு பட்டாலியனும் தினமும் ஒரு நாட்குறிப்பு எழுதியது. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ 95 என்ற வரிசையில் இருக்கிறது, இணையத்திலும் பல கிடைக்கும். சரியான பட்டாலியனா என்று இரண்டு முறை பாருங்கள். ஒரு ரெஜிமென்டுக்குள் பத்துப் பன்னிரண்டு பட்டாலியன் வெவ்வேறு நாடுகளில் இருந்திருக்கும், 1வது பட்டாலியனையும் 1/4வதையும் (4வது பட்டாலியனின் முதல் பிரிவு) குழப்பினால் பிரான்சில் இருந்தவரை மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) கொண்டுபோய் விடுவீர்கள்.

நாட்குறிப்பில் பையனின் பெயரைத் தேடி ஏமாறாதீர்கள். அதிகாரிகள் பெயர்தான் பெரும்பாலும் எழுதுவார்கள், சிப்பாய்கள் எண்ணிக்கையாகத்தான் வருவார்கள். இறந்த தேதிக்கு ஒரு வாரம் முன்னாலிருந்து படியுங்கள். அந்த வாரம் எங்கே தங்கினார்கள், மழையா பனியா, எந்த இரவு முன்வரிசைக்குப் போனார்கள் என்பது தெரியும். எழுதும்போது ‘அன்று அவருடைய பட்டாலியன் இங்கே இருந்தது, இத்தனை பேர் இறந்ததாகக் குறிப்பு சொல்கிறது’ என்று அதோடு நிறுத்துங்கள். ‘தோழனைக் காப்பாற்றப் பாய்ந்தார்’ என்றெல்லாம் சேர்க்க உங்களுக்கு ஆதாரம் கிடையாது. வீட்டுக்கு வந்த ஆறுதல் கடிதங்களில் வலியில்லாமல் உடனே இறந்தார் என்று இருக்கும், அதை எழுதினால் அது கடிதத்தில் இருந்தது என்று சொல்லி எழுதுங்கள்.

8. இந்தியாவில் இறந்தவர்கள்

இது நம்மால் மற்றவர்களைவிட நன்றாகச் செய்ய முடிகிற பகுதி. தென்மேற்கு இங்கிலாந்தின் டெரிட்டோரியல் பட்டாலியன்கள் பல 1914 அக்டோபரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போயின, அங்கிருந்த முழுநேரப் பட்டாலியன்களைப் பிரான்சுக்கு விடுவிப்பதற்காக. அவர்களில் துப்பாக்கிச் சத்தமே கேட்காமல் காய்ச்சலிலும் காலராவிலும் இறந்தவர்கள் உண்டு. வட இந்தியாவில் எங்கோ ஒரு கண்டோன்மென்ட் கல்லறையில் புதைத்து, அதைப் பராமரிக்க முடியாமல் போனதால், பெயரை மட்டும் பூனா அருகே கிர்க்கீயிலோ சென்னையிலோ சுவரில் பொறித்தார்கள்.

சென்னை என்றால் நந்தம்பாக்கம். மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் இருக்கும் போர்க் கல்லறையின் பின்பக்கத்தில் மெட்ராஸ் 1914–1918 நினைவுச் சுவர் இருக்கிறது, 1,000க்கு மேற்பட்ட பெயர்கள். பக்கத்து ஊர்ப் பட்டியலில் ஒருவர் பெயர் அங்கே இருப்பது தெரிந்ததும் சென்னையில் இருக்கும் என் அக்காவிடம் சொன்னேன். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய், பெயரைக் கண்டுபிடித்து, கீழே கொஞ்சம் மல்லிகைப்பூ வைத்துப் படமெடுத்து அனுப்பினார். அந்தக் குடும்பத்தின் வழிவந்த ஒரு பாட்டி அந்த ஊரிலேயே இருக்கிறார். அவர் கையில் படத்தைக் கொடுத்தேன். இது என்ன பூ, வாசனை இருக்குமா என்று கேட்டார், பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

உங்களுக்கும் அப்படி ஒரு பெயர் வந்தால், ஆணையத்தின் தளத்தில் சுவரில் எந்தப் பலகை என்ற எண் இருக்கும், அதைக் குறித்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் போகிறவர் எல்லாப் பலகையையும் படிக்க வேண்டியிருக்கும்.

மெசபடோமியாவுக்குப் போய் அமாராவில் புதைக்கப்பட்டவர்களின் கல்லறைக்கற்களை மண்ணின் உப்பு அரித்ததால் 1933இல் எடுத்துவிட்டார்கள். பெயர்கள் ஒரு சுவரில் இருக்கின்றன. கல்லறைப் படம் கேட்டு அலையாதீர்கள்.

9. குடும்பத்தாரிடம் போவது

இதைக் கடைசியில் வைக்கக் காரணம் இருக்கிறது. வெறுங்கையோடு போய் ‘உங்கள் தாத்தாவின் தம்பியைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. சென்சஸ் தாள், கல்லறைப் படம் இரண்டையும் பிரதி எடுத்துக்கொண்டு போனால் அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பா வெளியே வரும். அதற்குள் கைகுட்டையில் சுற்றிய, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு வெண்கலத் தட்டு இருக்கலாம். முதல் போரில் இறந்தவர்கள் வீட்டுக்கு அரசாங்கம் அனுப்பியது, ரேங்க் எதுவும் இல்லாமல் பெயர் மட்டும் பொறித்தது.

அதை வீட்டுக்கு எடுத்துவராதீர்கள், அங்கேயே படமெடுங்கள். எது ஊருக்குத் தெரியலாம், எது வேண்டாம் என்று கேளுங்கள். தன்னுயிரை மாய்த்துக்கொண்டவர்கள், ராணுவத் தண்டனையில் சுடப்பட்டவர்கள் என்று வெளியே சொல்லாத சேதிகள் வீடுகளில் உண்டு. அப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு 2006இல் மன்னிப்பு வழங்கப்பட்டது, ஆனாலும் முடிவு குடும்பத்தினுடையது. இரண்டாம் போர்ப் பெயர்களில் தங்கையோ மகளோ இன்னும் உயிரோடு இருக்கலாம். முதலில் கடிதம் எழுதுங்கள், கதவைத் தட்டுவது அப்புறம்.

10. விடுபட்ட பெயர் கிடைத்தால்

கட்டாயம் கிடைக்கும், அவசரப்படாதீர்கள். முதலில் பக்கத்து ஊர்க் கல்களில் இருக்கிறாரா பாருங்கள். இல்லை என்றால் இரண்டு தனித்தனி வேலை இருக்கிறது, பலர் இவற்றை ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

ஆணையத்தின் பட்டியலிலேயே இல்லை என்றால் அது அவர்களிடம் போக வேண்டிய விஷயம். முதல் போருக்கு 1921 ஆகஸ்ட் 31க்குள் இறந்திருக்க வேண்டும், ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்ட பிறகு இறந்தவர் என்றால் ராணுவ சேவையால் வந்த நோய் என்பதற்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும். ஊர்க் கல்லில் சேர்ப்பது வேறு. அது பாரிஷ் கவுன்சிலுடையது என்றால் அவர்கள் தீர்மானம் போட வேண்டும், சர்ச் வளாகத்தில் இருந்தால் மறைமாவட்டத்தின் அனுமதி வேண்டும். பழைய கல்லில் இடம் இல்லையென்றால் சர்ச்சுக்குள் தனித் தகடு வைப்பது நல்லது. கல்லில் இருக்கும் எழுத்துப்பிழையைத் திருத்தச் சொல்லாதீர்கள். அந்த வருடம் அந்த ஊர் எழுதியது அப்படி, சரியான வடிவத்தை உங்கள் குறிப்பில் எழுதினால் போதும்.

11. பெயர்களைப் படிக்கும் நாள்

நவம்பர் இரண்டாவது ஞாயிறு, 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம். பெயர்கள் மௌனத்துக்கு முன் படிக்கப்படுவதாக இருந்தால் முந்தைய நாளே சத்தமாகப் படித்து நேரம் பாருங்கள், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூச்சு இடைவெளி விட்டு. முதலெழுத்தாகப் படிக்காமல் முழுப்பெயராகப் படியுங்கள், வயதைச் சேர்க்கலாம், ரேங்க் தேவையில்லை. உள்ளூர்க் குடும்பப் பெயர்களின் உச்சரிப்பை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், எழுத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லாத பெயர்கள் இந்தப் பக்கம் நிறைய.

தாளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போங்கள். காற்றும் தூறலும் இருக்கும், கை நடுங்கும். ஆள் யாரென்று தெரியாத பெயர் ஒன்றிரண்டு மிஞ்சியிருந்தால் அவற்றைக் கல்லில் உள்ளபடி அப்படியே படியுங்கள். எங்களுக்கு ஒருவர் இன்னும் அப்படித்தான் இருக்கிறார்.

முழுக் குறிப்பின் ஒரு பிரதி சர்ச்சுக்கு, ஒன்று மாவட்டக் காப்பகத்துக்கு. இணையப் பக்கம் மட்டும் போட்டால் சந்தா கட்டாத வருடம் காணாமல் போய்விடும்.

12. நம்மூர்க் கல்லில் எண்ணிக்கை மட்டும் இருந்தால்

இதைப் படித்துவிட்டு ஊரில் இருப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. முதல் போருக்குப் பிறகு இந்தியாவின் பல ஊர்களில் வைத்த பளிங்குப் பலகையில், இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். ஒரு பெயர்கூட இருக்காது. வரிசையை இங்கே திருப்பிப் போட வேண்டும், கல்லில் பிடிக்க ஒன்றும் இல்லாததால் ஆணையத்தின் தளத்தில் தொடங்குங்கள்.

அங்கே கூடுதல் தகவல் என்ற கட்டத்தில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடலாம். இந்திய வீரர்கள் பலருக்குத் தகப்பன் பெயர், ஊர், தாலுகா, மாவட்டம், மெட்ராஸ் என்று பதிந்திருக்கிறார்கள். வட ஆற்காடு, தஞ்சாவூர் போன்ற அன்றைய மாவட்டப் பெயர்களை அன்றைய ஆங்கில எழுத்தில் போடுங்கள், ஊர்ப் பெயரை நாலைந்து விதமாக எழுதிப் பாருங்கள். ‘பேட்டை’ ஒன்றுக்கே எத்தனை எழுத்துக்கூட்டல் என்று உங்களுக்கே தெரியும். பெயர் வரவில்லை என்றால் அப்படி ஒருவர் இல்லை என்று பொருளல்ல. இந்தியர்கள், ஆப்பிரிக்கர்கள் உட்படக் குறைந்தது 1,16,000 பேர் பெயரோடு நினைவுகூரப்படவில்லை என்று ஆணையம் 2021இல் தானே வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

பலகையில் உயிர்விட்டவர் 5 என்று இருந்தால் நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள். பெயர் ஒன்று கிடைத்ததும் அந்தத் தெருவுக்குப் போய், தகப்பன் பெயரைச் சொல்லி, அந்த வீடு எது என்று கேளுங்கள்.